டெர்வென்ட் நீர்ப்பிரிமுகடு: வழிக்குறி இல்லாத 64 கிலோமீட்டர் மூர் ஓட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே இருக்கிறது பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா. அதன் வடபகுதியை டார்க் பீக் என்பார்கள். மூர் எனப்படும் மரமே இல்லாத மேட்டுநிலம், பாதி மக்கிய செடிகளாலான, காலை இழுக்கும் கறுப்பு பீட் சேறு, முழங்கால் உயர ஹீதர் புதர். டெர்வென்ட் ஆறு இங்கேதான் பிறக்கிறது. அந்த ஆற்றுக்கு நீர் தரும் நிலத்தைச் சுற்றி, முகட்டை விடாமல் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதுதான் டெர்வென்ட் வாட்டர்ஷெட், தமிழில் நீர்ப்பிரிமுகடு. நீளம் ஏறத்தாழ 64 கிலோமீட்டர், அதாவது 40 மைல். மொத்த ஏற்றம் 1,500 மீட்டருக்கு மேல். வழியில் எந்த உச்சியும் 640 மீட்டரைத் தாண்டாது.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு 'அட, இவ்வளவுதானா' என்று வருகிறவர்கள் உண்டு. மாரத்தான் ஓடிய கால்களுக்குத் தூரம் பெரிய விஷயமில்லை. பல இடங்களில் பாதை கிடையாது, அம்புக்குறி கிடையாது, மூடுபனி இறங்கினால் முப்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. இங்கே தோற்பவர்களில் பலர் தோற்பது மூச்சு வாங்கியதால் அல்ல, வழி தவறியதால். அதனால் இந்த வழிகாட்டியில் பயிற்சி அட்டவணை எதுவும் இல்லை. பெரும்பகுதி வழி கண்டுபிடிப்பது பற்றியதுதான்.

இந்தச் சுற்றை 1918-இல் யூஸ்டஸ் தாமஸ் 12 மணி நேரத்துக்குள் முடித்தார். மான்செஸ்டர்க்காரர், பொறியாளர். மலையில் அடிபட்டவர்களைத் தூக்கி வர அவர் வடிவமைத்த தாமஸ் ஸ்ட்ரெச்சரை பிரிட்டிஷ் மலை மீட்புக் குழுக்கள் பல பத்தாண்டுகள் பயன்படுத்தின. 1972 முதல் ஷெஃபீல்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஏறக்குறைய இதே சுற்றில் 'ஹை பீக் மாரத்தான்' நடத்துகிறார்கள். நால்வர் அணிகள், குளிர்காலக் கடைசி, அதுவும் இரவில். முதல் முறை போகிறவர் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். நீண்ட பகல் உள்ள மாதத்தில், தெரிந்த ஒருவரோடு போங்கள்.

முதலில் தண்ணீரைப் படியுங்கள்

கடிகாரம் சுற்றும் திசையில் ஓடினால் டெர்வென்ட் பள்ளத்தாக்கு எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். வலப்பக்கம் விழும் மழை ஆஷப், ஆல்போர்ட், நோ போன்ற துணையாறுகள் வழியே டெர்வென்ட்டில் சேர்ந்து, டிரென்ட், ஹம்பர் என்று போய் வட கடலில் கலக்கும். இடப்பக்கம் விழும் மழை மேற்கு முகடுகளில் மெர்சி ஆற்றுக்குப் போய் ஐரிஷ் கடலைச் சேரும். கிழக்கு முகடுகளில் டான் ஆற்றுக்குப் போகும். வழிக்குறி இல்லாத இந்தத் தடத்துக்கு இதுதான் அடிப்படை விதி. மூடுபனியில் ஒரு ஓடையைச் சந்தித்தால், அது வலப்பக்கம் பாய்கிறதா இடப்பக்கம் பாய்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் பாய்ந்தால் நீங்கள் முகட்டுக்கு உட்புறம் சரிந்துவிட்டீர்கள். இடப்பக்கம் என்றால் வெளிப்புறம்.

இந்த விதி பொய்க்கும் இடங்களும் உண்டு. அவற்றை வீட்டிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வின் ஹில்லுக்கும் லூஸ் ஹில்லுக்கும் நடுவே நோ ஆறு குறுக்கே வருகிறது. அங்கே முகட்டை விட்டு இறங்கிப் பாலம் கடந்து மறுபடி ஏறத்தான் வேண்டும். புறப்படும் இடமான யார்க்‌ஷயர் பிரிட்ஜில் டெர்வென்ட்டையே கடக்கிறோம். கிண்டர் மேட்டில் கதை இன்னும் சிக்கல். கிண்டர் ஆறு மேட்டின் நடுவே பிறந்து, மேற்கு விளிம்பில் கிண்டர் டவுன்ஃபால் அருவியாக விழுந்து மெர்சிக்குப் போகிறது. கறாராகப் பார்த்தால் நீர்ப்பிரிமுகடு அந்த ஆற்றின் தலைப்பைச் சுற்றி, மேட்டின் சேற்று நடுவயிற்றைக் கடந்து போக வேண்டும். ஓடுபவர்கள் மேற்கு விளிம்புப் பாதையில் போய் அருவித் தலையில் ஆற்றைத் தாண்டிவிடுவார்கள். இதில் தப்பொன்றும் இல்லை என்பது என் கட்சி.

எப்போது, எங்கிருந்து, எந்தத் திசையில்

மே கடைசி, ஜூன், செப்டம்பர் முதல் பாதி. இவற்றில் பத்து நாள் மழை விட்டிருக்கும் நேரம் கிடைத்தால் தயங்காதீர்கள். ஜூன் நடுவில் பகல் வெளிச்சம் கிட்டத்தட்ட 17 மணி நேரம். 1892-இல் ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். அந்தக் கணக்கில் இந்தச் சுற்றுக்கு 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓடத் தெரிந்தவர் இதில் சில மணி நேரம் குறைக்கலாம். ஆனால் அப்படி மிச்சம் பிடித்ததை வடக்கே பிளீக்லோ மேட்டின் சேற்றில் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே முதல் முயற்சிக்கு நெய்ஸ்மித்தை நம்பித் திட்டமிடுங்கள். விடிகாலை ஐந்து மணிக்குக் கால் நகர்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ரயிலில் வந்து சேர முடியாது. பாம்ஃபோர்டு, ஹோப் பக்கம் முந்தின இரவு தங்கிவிடுவது நல்லது.

தொடக்கம் லேடிபவர் அணைக்குக் கீழே யார்க்‌ஷயர் பிரிட்ஜ். திசை, கடிகாரம் சுற்றும் திசை. ஹை பீக் மாரத்தான் இதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது, அது வேறு விஷயம். நான் இந்தத் திசையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். வலஞ்சுழியாகப் போனால் பிளீக்லோவைத் தாண்டி கிழக்கே ஓடும்போது காற்று முதுகில் இருக்கும். மோசமான நிலம் நடுப்பகலில், மூளை இன்னும் வேலை செய்யும்போது வரும். கடைசிப் பகுதியோ கல் பாவிய தெளிவான பாதை. அசந்துபோன கண்ணுக்கும் அது தெரியும்.

மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம். கோல்டன் பிளோவர் என்ற உப்புக்கொத்தியும் குரூஸ் என்ற காட்டுக்கோழி போன்ற பறவையும் ஹீதருக்குள் முட்டையிட்டிருக்கும். நாய் கூட வந்தால் கயிற்றில்தான். ஆகஸ்ட் 12-இல் குரூஸ் வேட்டைப் பருவம் தொடங்கும். வறண்ட கோடையில் தீப்பிடிக்கும் அபாயம் என்று சில மூர்களை மூடுவதும் உண்டு, புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன, காலில் என்ன

பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்டினன்ஸ் சர்வேயின் ஓஎல்1 டார்க் பீக் வரைபடம் அல்லது ஹார்வி நிறுவனத்தின் டார்க் பீக் வரைபடம் ஒன்று கட்டாயம். 1:25,000 அளவு, நனையாத தாள். போன் திரையில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். ஈர விரலுக்குத் திரை அசையாது, குளிரில் பேட்டரி சட்டென்று செத்துவிடும். ஜிபிஎஸ் கடிகாரம் நல்லதுதான், சந்தேகம் வந்தால் சரிபார்க்கப் பயன்படும். திசைகாட்டி அடித்தட்டு உள்ளதாக இருக்கட்டும். இங்கிலாந்தின் இந்தப் பகுதியில் இப்போது காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் வித்தியாசம் மிகவும் குறைவு. பழைய புத்தகங்களில் 'இத்தனை டிகிரி கூட்டு' என்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

உடை விஷயத்தில் ஃபெல் ரன்னிங் எனப்படும் மலை ஓட்டப் போட்டிகளில் கேட்பதையே எடுத்துப் போங்கள்: தையலில் நீர் புகாத மேல்சட்டையும் கால்சட்டையும், தொப்பி, கையுறை, விசில், அவசர உணவு. தனியே இன்னொரு கதகதப்பான சட்டை, ஆள் நுழைந்து குளிர் காக்கும் படலப் பை, ஹெட் டார்ச். ஷூவுக்கு ஆழமான பல் வேண்டும். ஃபெல் ஓட்டத்துக்கென்றே செய்யும் வால்ஷ், இனோவ்-8 ரகங்கள் போதும். மெத்தை வைத்த ரோடு ஷூ பீட்டில் ஒரு மணி நேரம் தாங்காது, சேறு ஷூவை உருவிக்கொண்டுவிடும். நீர் புகாத ஷூவும் வீண். நீர் மேலே இருந்து உள்ளே போகும், வெளியே வராது.

சாப்பாடு மணிக்கு ஒருமுறை, பசிக்கிறதோ இல்லையோ. ஹோப் ஊரைத் தாண்டினால் வழியில் கடையே கிடையாது. மேலே ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். நிறம் பீட்டுடையது, ஆட்டின் கழிவு அதில் தனி. வடிகட்டியோ மாத்திரையோ கொண்டு போங்கள். ஸ்நேக் பாஸ், மாஸ்கர் இரண்டிலும் ஏ57 சாலை குறுக்கே வருகிறது. காரோடு காத்திருக்க ஒரு நண்பர் கிடைத்தால் பை பாதியாகக் குறையும்.

யார்க்‌ஷயர் பிரிட்ஜ் முதல் கிண்டர் வரை

பாலம் தாண்டியதும் பார்க்கின் கிளஃப் வழியாக வின் ஹில் உச்சிக்கு (463 மீட்டர்) நேர் ஏற்றம். படு செங்குத்து. ஓடாதீர்கள், கையை முழங்காலில் ஊன்றி நடங்கள். அங்கிருந்து ஹோப் பக்கம் இறங்கி நோ ஆற்றைக் கடந்து லூஸ் ஹில் (476). பிறகு பேக் டோர், ஹாலின்ஸ் கிராஸ், மாம் டோர் (517) வரை முதுகெலும்பு போன்ற ஒரே முகடு. இங்கே ஆள் நடமாட்டம் அதிகம், வழி தவறவே முடியாது. அதனால்தான் எல்லோரும் இங்கே வேகமாகப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள்.

மாம் டோருக்கு அப்பால் ரஷப் எட்ஜ், பின்பு பிரவுன் நோல் (569). முன்பு இந்த உச்சி சேற்றுக்குப் பேர்போனது. இப்போது பெரும்பகுதியில் கல் பலகை போட்டிருக்கிறார்கள். பிரவுன் நோலில் நில அளவைத் தூண் இருக்கிறது, அதைத் தொட்டு வடக்கே திரும்புங்கள். அப்புறம் கிண்டர் லோ (633), கிண்டர் டவுன்ஃபால். மேற்குக் காற்று ஓங்கி அடித்தால் அருவி கீழே விழாமல் மேல்நோக்கிப் பறக்கும், அதுவும் கடக்கும் இடத்தில் உங்கள் மேல்தான். 1932 ஏப்ரல் 24 அன்று தொழிலாளர் கூட்டம் ஒன்று இந்தக் கிண்டரில் அத்துமீறி ஏறியது. நில உரிமையாளர்களின் காவலர்களோடு கைகலப்பு நடந்தது, ஐந்து பேர் சிறை போனார்கள். பாதையை விட்டு மூரில் நடக்கும் உரிமையைச் சட்டம் தந்தது 2000-ஆம் ஆண்டில்தான். இந்தச் சுற்றை இன்று ஒளியாமல் ஓட முடிவது அதனால்.

டவுன்ஃபாலிலிருந்து வடமேற்கு விளிம்பில் போய் ஆஷப் ஹெட்டுக்கு இறங்கி மில் ஹில் (544) ஏறுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நேரே தெரியும் பாதை மேற்கே போய்விடும். நீங்கள் வலப்பக்கம் வடகிழக்காகத் திரும்ப வேண்டும். அங்கே பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையின் கல் பலகைகள் ஸ்நேக் பாஸ் வரை கொண்டுபோய் விடும். திசைகாட்டியைப் பார்த்துத் திரும்புங்கள், கூட்டம் போகும் பக்கம் பார்த்துத் திரும்பாதீர்கள்.

ஸ்நேக் பாஸில் முடிவெடுங்கள்

இது ஏறக்குறைய பாதி வழி. சாலை கையெட்டும் தூரத்தில் இருக்கும் கடைசி நல்ல இடமும் இதுதான். இதற்குப் பிறகு மாஸ்கர் வரை சாலை கிடையாது. மணி பிற்பகல் இரண்டைத் தாண்டிவிட்டதா? மேலே மேகம் இறங்கியிருக்கிறதா? நனைந்து நடுங்குகிறீர்களா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் நின்றுவிடுங்கள். 1964 மார்ச்சில் ஃபோர் இன்ஸ் என்ற நடைப் போட்டியில் வானிலை கெட்டு, இந்த மேட்டில் மூன்று இளைஞர்கள் குளிரில் இறந்தார்கள். பீக் டிஸ்ட்ரிக்ட் மலை மீட்பு அமைப்பு உருவானது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். அவர்கள் உடல்வலு இல்லாதவர்கள் அல்ல. மழை, காற்று, சுழியத்துக்குச் சற்று மேலான வெப்பம் மூன்றும் சேர்ந்தால் பனியைவிடச் சீக்கிரம் ஆளைச் சாய்க்கும்.

பிளீக்லோ

சரி, போவது என்று முடிவு செய்தாயிற்று. பென்னைன் வே வழியே ஹெர்ன் கிளஃப் ஓடையைத் தொட்டு ஏறி, ஹெர்ன் ஸ்டோன்ஸ், வெய்ன் ஸ்டோன்ஸ் தாண்டி பிளீக்லோ ஹெட் (633) சேருங்கள். கொஞ்சம் மேற்கே ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் அருகில் 1948 நவம்பர் 3 அன்று நொறுங்கிய அமெரிக்க பி-29 விமானத்தின் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. 13 பேர் இறந்த இடம், எதையும் எடுக்காதீர்கள்.

பிளீக்லோ ஹெட்டில் பென்னைன் வே வடக்கே டார்சைடுக்கு இறங்கிவிடும். நீங்கள் கிழக்கே போகிறீர்கள். அசல் வேலை இங்கேதான் ஆரம்பம்.

கிழக்கே பிளீக்லோ ஸ்டோன்ஸ் வரை முகடு கிட்டத்தட்டத் தட்டை. நிலம் சரிவில்லாததால் தண்ணீருக்கும் எந்தப் பக்கம் போவதென்று தெரிவதில்லை. அது பீட்டை அறுத்து 'கிரஃப்' எனப்படும் வாய்க்கால்களாக வளைந்து வளைந்து ஓடுகிறது. சிலவற்றில் ஆள் இறங்கினால் தலை தெரியாது. ஒவ்வொன்றையும் நேராக இறங்கி ஏறினால் இருபது நிமிடத்தில் தொடை செத்துவிடும். அதற்கு அஞ்சி ஒரு வாய்க்காலுக்குள்ளேயே ஓடினால், அது மெல்ல வளைந்து உங்களைத் தெற்கே ஆல்போர்ட் பக்கம் கொண்டுபோய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது.

நிற்கும் இடத்திலிருந்து வரைபடத்தில் திசைக் கோணம் எடுங்கள். அந்தக் கோட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைப் பிடியுங்கள். ஐம்பது மீட்டரில் ஒரு பீட் திட்டு, ஒரு வெள்ளைப் பருத்திப்புல் கொத்து, எதுவானாலும் சரி. அது வரை எப்படி வேண்டுமானாலும் வளைந்து போங்கள், வாய்க்காலைப் பயன்படுத்துங்கள். சேர்ந்ததும் மறுபடி கோணம், மறுபடி ஒரு பொருள். மூடுபனியில் பிடிக்கப் பொருளே இல்லை என்றால் கூட்டாளியை முன்னே அனுப்பி, 'இன்னும் இடது, நில்' என்று கத்தி நிறுத்தி, அவரையே குறியாக வைத்து நகருங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் சேர வேண்டிய இடம் சேரும்.

தூரத்தை அடியால் அளக்கப் பழகிக்கொள்ளுங்கள். நல்ல தரையில் நூறு மீட்டருக்கு ஒரே கால் எத்தனை முறை ஊன்றுகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, சேற்றில் அது எவ்வளவு கூடுகிறது என்றும் பாருங்கள். இதை வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் கற்க முடியாது. ஒரு சனிக்கிழமை ஸ்நேக் பாஸில் காரை நிறுத்தி, பிளீக்லோ ஸ்டோன்ஸ் வரை போய்த் திரும்பிப் பழகுங்கள். முழுச் சுற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரே ஒத்திகை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எங்கே கால் வைப்பது? கறுப்பு பீட் மழையில்லாத நாளில் நன்றாகத் தாங்கும். ஹீதர் தாங்கும், தடுக்கவும் செய்யும். பளீரென்று பச்சையாக மின்னும் பாசி மெத்தையை மட்டும் நம்பாதீர்கள், அதன் கீழே தண்ணீர்தான். அங்கங்கே வெறும் பீட்டில் வலை விரித்துப் புல் நட்டிருப்பது தெரியும், சின்னக் கல் அணைகளும் தெரியும். கரைந்துபோன மேட்டைத் தேற்ற 2003 முதல் நடக்கும் வேலை அது. சுற்றிப் போங்கள். ஆங்காங்கே நிற்கும் பழைய மரக் கம்பங்கள் திசையை உறுதிசெய்ய உதவலாம், ஆனால் அவற்றைப் பின்தொடர்ந்து ஓடாதீர்கள்.

பிளீக்லோ ஸ்டோன்ஸில் பட்டறைக்கல் வடிவப் பாறை ஒன்று நிற்கும். அங்கிருந்து வடகிழக்கே ஸ்வெய்ன்ஸ் ஹெட். வலப்பக்கத்துப் பள்ளம்தான் டெர்வென்ட் பிறக்கும் ஸ்வெய்ன்ஸ் கிரீவ். உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த ஓடையோடு தெற்கே இறங்கினால் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் பழைய கல் பாலத்தை அடையலாம். தூரம் அதிகம், முதல் பாதியில் பாதை கிடையாது. ஆனாலும் கீழே போகிறது என்பது உறுதி.

அவுட்டர் எட்ஜிலிருந்து கடைசி வரை

அவுட்டர் எட்ஜின் (541) அளவைத் தூண் கண்ணில் பட்டால் பெருமூச்சு விடலாம். அதன்பின் கட் கேட் என்ற பழைய குதிரைப் பாதை குறுக்கே வரும். இடப்பக்கம் போனால் லாங்செட், வலப்பக்கம் போனால் டெர்வென்ட் பள்ளத்தாக்கு. வெளியேற நல்ல இடம். தொடர்ந்தால் மார்ஜரி ஹில் (546), ஹை ஸ்டோன்ஸ். அப்பால் கவனம் வேண்டும்: அபி புரூக் டெர்வென்ட்டுக்குள் போகும் ஓடை, ஆகவே அதன் தலைப்பைக் கிழக்கே சுற்றித்தான் போக வேண்டும். நேரே தெரியும் பேக் டோரைப் பார்த்துக் குறுக்கே வெட்டினால் பள்ளத்தில் விழுந்து இருநூறு மீட்டர் ஏற வேண்டிவரும். (மாம் டோர் பக்கம் பார்த்தது வேறு பேக் டோர். பெயர் வைத்தவர்களுக்குக் கற்பனை வறட்சி.)

இந்தப் பேக் டோரிலிருந்து (538) டெர்வென்ட் எட்ஜ் முழுவதும் கல் பலகை. சால்ட் செல்லர், வீல் ஸ்டோன்ஸ் பாறைகள் வரிசையாக வரும். இங்கே கால் மறுபடி ஓடத் தொடங்கும். மாஸ்கரில் சாலை கடந்து ஸ்டேனேஜ் விளிம்பில் ஏறி ஹை நெப் (458) வரை போய், மேற்கே பாம்ஃபோர்டு மூரின் ஹீதரைக் கடந்து பாம்ஃபோர்டு எட்ஜுக்கு வாருங்கள். இருட்டிவிட்டால் மூருக்குள் போகாமல் கீழே சாலை வழியாகச் சுற்றிப் போவது புத்திசாலித்தனம். முகட்டை விடாமல் ஓடியதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை.

ஏதாவது ஆகிவிட்டால்

அவசர எண் 999 அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மலை மீட்பு என்று சொல்லுங்கள். பேச்சுக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம். ஆனால் அதற்கு முன்பே 'register' என்ற சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும், இன்றே செய்யுங்கள். விசிலுக்கு நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வரைபடத்தில் ஆறு இலக்க இட எண் படிக்கத் தெரிந்திருக்கட்டும். உடன் வருபவர் பேச்சு குழறினால், தடுமாறினால், கையுறையைக் கழற்றினால் அது சோம்பல் அல்ல, உடல் குளிர்ந்துவிட்டதன் அறிகுறி. காற்றுக்கு மறைவாக ஒரு கிரஃபுக்குள் உட்காரவைத்து, படலப் பைக்குள் நுழைத்து, உலர்ந்த சட்டை போட்டு, இனிப்பு கொடுத்து, பிறகு போன் எடுங்கள்.

புறப்படுமுன் எந்த வழி, எத்தனை மணிக்கு முடிப்போம், எத்தனை மணிக்கு மேல் போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாலத்துக்குத் திரும்பியதும் ஷூவைக் கழற்றும் முன் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மறந்தால், எடேல் மலை மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் இரவுத் தூக்கத்தை விட்டு பிளீக்லோவில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.